அக்னி மூலையிலிருந்து வாயு மூலை வரை

வீடு கட்டும்போது அடுப்பை எந்த மூலையில் வைப்பது என்று உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள், மேடம். எனக்கும் சொன்னார்கள். போத்தனூரில் நான் வீடு கட்டியபோது மேஸ்திரி என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தென்கிழக்கில் அடுப்பு மேடை எழுப்பிவிட்டார். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், எங்களுக்கு எதற்கு இது என்று கேட்டேன். "அடுப்புக்கு எல்லாச் சாமியும் ஒண்ணுதானுங்க" என்றார். நானும் விட்டுவிட்டேன். அடுப்பு எந்த மூலையில் இருந்தாலும் அரிசி வேகும்.

நீங்கள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். என்ன விரோதம், என்ன விரோதம் என்று. விரோதம் இருந்திருந்தால் உங்கள் வேலை சுலபமாகியிருக்கும். ஏட்டும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பாவமாகக் காத்திருக்கிறார். விரோதம் எதுவும் இல்லை. முறையாகச் சொல்கிறேன், முறையாக எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் வின்ஸ்டன். சிங்காநல்லூரைத் தாண்டி இருக்கிற கருப்பாத்தாள் ஸ்பின்னிங் மில்லில் எலக்ட்ரிகல் மேனேஜர். போன மாதம் எங்கள் மில்லில் கரண்டு அடித்து இறந்துபோன ஞானாபரணம் என் தங்கை கிளாடிஸின் கணவர். நீங்கள் வந்து பார்த்தீர்கள், விபத்து என்று எழுதினீர்கள், போய்விட்டீர்கள். அது விபத்து இல்லை என்று சொல்ல நானாகத்தான் வந்திருக்கிறேன். டவுன் பஸ்ஸில் வந்தேன், உட்கார இடம்கூடக் கிடைத்தது. இன்ஸ்பெக்டர் லோகப்பிரியா பொறுமையாகக் கேட்பார் என்று சொன்னார்கள். பொறுமை இருக்கிறது, பார்த்துவிட்டேன். புரிகிறதா என்பதைத்தான் இனிமேல் பார்க்க வேண்டும்.

முதலாளி தம்பிதுரை கெட்டவர் இல்லை. தோப்பும் பருத்திக் காடுமாக இருந்த குடும்பம். அம்மா பேரில் மில் கட்டினார். மரியாதை தெரிந்தவர். திட்டும்போதுகூட "ஏனுங்க வின்ஸ்டன், உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்குதுங்களா" என்றுதான் திட்டுவார். கொஞ்ச காலமாக அவருக்கு வியாபாரம் படுத்திருந்தது. இந்தப் பக்கம் எல்லா மில்லுக்கும்தான் படுத்திருந்தது. பஞ்சு விலை ஏறியது, நூல் விலை இறங்கியது, கரண்டு பில் ஏறியது. காரணம் தினமும் பேப்பரிலேயே வந்தது. பேப்பரில் வருகிற காரணம் யாருக்குப் போதும்? சீனிவாசலு என்று ஒரு வாஸ்துக்காரரைக் கூட்டிவந்தார்.

திசை பார்க்க அவர் பித்தளையில் ஏதாவது வைத்திருப்பார் என்று நினைத்தேன். செல்போன்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் மாமியார் கூப்பிட்டார். அவர் பேசி முடிக்கும்வரை வடக்கு எது என்று தெரியாமல் நாங்கள் எல்லோரும் நின்றோம்.

மில்லின் வடமேற்கில் எங்களுக்கு ஒரு பிளான்ட் ரூம் இருக்கிறது. நூல் மில்லில் காற்று காய்ந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். அதனால் ஆள் உயர விசிறி ஒன்று, தண்ணீர்ச் சாரல் வழியாகக் காற்றை இழுத்து ஷெட்டுக்குள் அனுப்பும். அது நின்றால் மில் நின்ற மாதிரிதான். அந்த விசிறியின் மோட்டார் நேராகக் கரண்டில் ஓடாது. டிரைவ் என்று ஒரு பெட்டி உண்டு, வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும். கரண்டு அதற்குள் போய், அது அனுப்புகிறபடிதான் மோட்டாருக்குப் போகும். சுவருக்கு இந்தப் பக்கம் டிரைவ், அந்தப் பக்கம் மோட்டார், நடுவில் கொஞ்சம்போல கேபிள். நான் வைத்த ஏற்பாடு அது. வருஷக்கணக்கில் ஒரு புகார் கிடையாது.

சீனிவாசலு அந்தச் சுவரின் முன்னால் நின்று உச்சுக்கொட்டினார்.

"காத்து வாயு மூலையில இருக்குது, பிரமாதம். அதுகூட இந்த நெருப்பையும் எதுக்குங்க கொண்டுவந்து வெச்சீங்க? கரண்டுன்னா நெருப்புங்க. காத்தும் நெருப்பும் ஒரே மூலையில இருந்தா காசு எரியாம என்னங்க பண்ணும்?"

விசிறி அங்கேயே இருக்கலாம், டிரைவ், ஸ்விட்ச், பட்டன் என்று நெருப்புச் சம்பந்தப்பட்ட எல்லாம் தென்கிழக்கு அக்னி மூலைக்குப் போய்விட வேண்டும். அதாவது மில்லின் ஒரு கோடியிலிருந்து எதிர்க்கோடிக்கு. கேபிளைச் சுவரோரமாகச் சுற்றி இழுத்தால் நூறு மீட்டரைத் தாண்டும். அன்று முதலாளியின் அறையில் நான் சொன்னேன், இப்படிச் செய்தால் மோட்டார் எரியும் என்று.

ஏன் எரியும் என்பதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஏட்டு இந்த இடத்தை மட்டும் பிழையில்லாமல் எழுதினால் போதும். டிரைவ், கரண்டைச் சீராக அனுப்பாது. துண்டு துண்டாக வெட்டி, ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கான அடியாக அடித்து அனுப்பும். ஒவ்வொரு அடியும் கேபிளில் ஓடி மோட்டார் வாசலுக்குப் போகும். மோட்டார் அதை அப்படியே உள்ளே விடாது. மோதிய அடி திரும்பும். திரும்புகிறதும் வருகிறதும் வாசலிலேயே ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். கேபிள் குட்டையாக இருந்தால், அடி முழு உயரத்துக்கு எழும்புவதற்குள் போய்த் திரும்பி அடங்கிவிடும், பெரிய சேதம் இல்லை. நீளமாக இருந்தால் அடங்க நேரம் இருக்காது. முழுதாக எழும்பி, முழுதாக மோதி, ஏறக்குறைய இரட்டிப்பாகும். நானூற்றுச் சொச்சம் வோல்ட்டுக்குக் கட்டிய மோட்டாரின் வாசலில் ஆயிரத்துக்கும் மேல் வந்து குத்தும். சாதாரண மீட்டரை வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருப்பதாகவே காட்டும். காயிலின் முதல் சுற்றுகள்தான் அந்தக் குத்தையெல்லாம் வாங்கும். ஒரு நாள் கம்பிமேல் பூசிய எனாமல் கிழியும், எரியும்.

முதலாளிக்குப் புரிய வேண்டுமே என்று தோட்டத்துப் பைப்பை வைத்துச் சொன்னேன். நீளமான பைப்பில் தண்ணீர் வேகமாக ஓடும்போது வால்வைப் படாரென்று மூடினால் பைப்பே அதிரும் இல்லையா, அது மாதிரி என்றேன். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"தண்ணி அதிருமுங்க. கண்ணுல பாத்திருக்கறேன். கரண்டு எப்பிடிங்க திரும்பி வரும்?"

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை ஞானாபரணம் வந்தார். எரிந்த மோட்டார் ஒன்றுக்குப் புதுக் காயில் கட்டி, ரீவைண்டிங் செய்து கொண்டுவந்து இறக்கிவிட்டு, முதலாளியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உள்ளே தலையை நீட்டினார். போத்தனூரில் ரயில் பாதையை ஒட்டி அவருடைய பட்டறை. அவரை இந்த மில்லுக்குள் கொண்டுவந்ததே நான்தான். தங்கை வீட்டுக்காரர் என்பதால் கொண்டுவந்தேன். கொஞ்ச நாளில் எல்லா மில்லிலும் அவர் பெயர் ஓடியது. ஞானாபரணம் கட்டினால் எரியாது, கைராசிக்காரர் என்று. கைராசி. சுற்று எண்ணிக்கை, கம்பியின் கனம், வார்னிஷ், சூடு, இதையெல்லாம் தவிர வேறு எதுவும் ஒரு மோட்டாரை ஓடவைப்பதில்லை. இந்த ஊரில் அதற்குப் பெயர் கைராசி.

அவர் வேலை செய்கிற விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். காயில் கட்டி வார்னிஷ் ஊற்றியதும், ஈரத்தின்மேல் கட்டைவிரலால் சின்னதாகச் சிலுவை ஒன்று போடுவார். மில்லில் கொண்டுவந்து மாட்டியதும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பார். மோட்டார் ஓட ஆரம்பித்ததும் வெறுங்காலோடு நின்று, வலது உள்ளங்கையை அதன் முதுகில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். பிறகு "நல்லாருக்குதுங்க" என்பார். ஏதோ சர்ச்சில் ஆல்டருக்கு முன்னால் நிற்கிற மாதிரி. முதலாளியில் இருந்து கூட்டுகிற பெண்வரை சுற்றி நின்று பார்ப்பார்கள். நான் மீட்டரை வைத்து மூன்று பேஸும் பார்த்து எழுதுவேன். அதை யாரும் பார்ப்பதில்லை.

முதலாளி அவரை உள்ளே கூப்பிட்டார். "ஏனுங்க ஞானாபரணம், ஒயரு நீளமாப் போனா மோட்டாரு எரிஞ்சுபோயிருமாமா. உங்க மச்சான் சொல்றாருங்க."

மாப்பிள்ளை சிரித்தார். அவருக்குச் சிரிப்பு சத்தமாக வரும். சர்ச்சில் பாடும்போதும் அவர் குரல்தான் கடைசி பெஞ்சுவரை கேட்கும்.

"அது என் கையில கட்டுன காயிலுங்க. பொள்ளாச்சிக்கே ஒயர் இழுங்க, ஒண்ணும் ஆவாது." என் தோளைத் தட்டினார். "கோவிச்சுக்காதீங்க மச்சான். நீங்க புஸ்தகத்துல பாத்திருப்பீங்க."

முதலாளி சிரித்தார். சீனிவாசலு சிரித்தார். டீ கொண்டுவந்த பெண்ணுக்கு எதைப் பற்றிய பேச்சு என்றே தெரியாது, அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன், மேடம். அதுதான் விரோதமா என்று கேட்கிறீர்கள் இல்லையா? இல்லை. அவர் தெரியாமல் பேசினார். தெரியாதவர் பேசுவதற்குக் கோபப்பட்டால் நான் சிங்காநல்லூரில் ஒரு நாள்கூட வேலை செய்திருக்க முடியாது. மாப்பிள்ளை என்ற மரியாதையில் நான் கடைசி நாள்வரை குறை வைத்ததும் இல்லை. அவரை ஒருமையில் பேசியதே கிடையாது.

கேபிள் இழுத்தாயிற்று. டிரைவ் அக்னி மூலைக்குப் போனது. மோட்டாரின் பக்கத்தில் இருந்த ஸ்டாப் பட்டனையும் கழற்றி அங்கேயே கொண்டுபோனார்கள், சீனிவாசலுவின் கணக்கில் அதுவும் நெருப்பு. பூஜை நடந்தது, பொங்கல் கொடுத்தார்கள், நன்றாக இருந்தது. அடுத்த வாரம் டிரைவ் கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்தான். கழுத்தில் டை. கேபிள் இவ்வளவு நீளம் என்றால் டிரைவின் வாசலில் ஒரு ஃபில்டர் மாட்டியே ஆக வேண்டும், அது அந்த அடிகளின் வேகத்தைக் குறைத்து அனுப்பும் என்றான். நான் சொன்ன அதே விஷயம். முதலாளி மறுபேச்சுப் பேசவில்லை. "போட்டுருலாமுங்க தம்பி" என்று அன்றைக்கே ஆர்டர் கொடுத்தார். நான் சொன்னால் பைப், தண்ணீர் என்று வாதம். டை கட்டிக்கொண்டு சொன்னால் வேதவாக்கு.

ஃபில்டர் மரப்பெட்டியில் வந்து இறங்கியது. அதை மாட்டினால் என்ன ஆகும் என்று உட்கார்ந்து யோசித்தேன். மாட்டினால் மோட்டார் எரியாது. மோட்டார் எரியாவிட்டால், அன்று அந்த அறையில் சிரித்த அத்தனை பேரும் சொன்னது சரி, நான் சொன்னது தப்பு. ஃபில்டரால்தான் எரியவில்லை என்று யாரும் சொல்லப்போவதில்லை. கைராசி என்பார்கள், வாஸ்து என்பார்கள். உண்மையைத் தெரிந்த ஒரே ஆள், அந்த உண்மை தெரியாமலே போவதற்குத் தன் கையாலேயே ஸ்க்ரூ முடுக்க வேண்டும். இது எந்த ஊர் நியாயம்?

ஒரே ஒரு தடவை எரியட்டும் என்று நினைத்தேன். எல்லோரும் பார்க்கட்டும், அப்புறம் மாட்டிவிடலாம். டிரைவ் இருக்கிற பேனலின் சாவி என்னிடம்தான் இருக்கிறது, திறந்து பார்க்க வேறு ஆள் இல்லை. பெட்டியைப் பிரிக்காமல் என் அறையில் ஜன்னலோரம் வைத்தேன். தண்ணீர்க் கேனை வைக்க ஒரு மேடை இல்லாமல் ரொம்ப நாளாகக் கஷ்டப்பட்டோம். அதன்மேல் வைத்தேன், அளவெடுத்துச் செய்த மாதிரி சரியான உயரம்.

மோட்டார் எரிந்தது. நான் சொன்ன மாதிரியே எரிந்தது. பிளான்ட் ரூமில் கருகல் நாற்றம், ஷெட்டுக்குள் நூல் அறுந்துகொண்டிருக்கிறது, எல்லோரும் கூடிவிட்டார்கள். மாப்பிள்ளையையும் வரவழைத்திருந்தார்கள். நான் பேச வாயெடுப்பதற்குள் முதலாளி என் பக்கம் திரும்பி, "அந்த ஃபில்டர மாட்டிப்போட்டீங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொன்னால் குற்றம் என் தலையில் விழும். நீங்களே சொல்லுங்கள், அத்தனை பேர் முன்னால் ஒரு மேனேஜர் என்ன சொல்ல முடியும்? "மாட்டியாச்சுங்க" என்றேன்.

"அப்ப கேபிள்ல குத்தமில்ல. காயிலுலதான் கோளாறு" என்று அவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். நான் இதைத் திட்டமிடவில்லை, மேடம். அது தானாகவே அப்படி அமைந்தது. மாப்பிள்ளை உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு, "எங்கியோ தப்புப் பண்ணிப்போட்டனுங்க. எடுத்துட்டுப் போய் மறுபடி கட்டித் தாரேன்" என்றார். அன்று அவர் சிரிக்கவில்லை. அந்த அறையில் இருந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. இதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

அவர் மறுபடி கட்டினார், சிலுவை போட்டார், கையை வைத்து நல்லாருக்குதுங்க என்றார். மறுபடி எரிந்தது. அதற்கப்புறமும் எரிந்தது. கம்பி வாங்குகிற கடையை மாற்றிப் பார்த்தார். வார்னிஷை மாற்றினார். சுற்றுகளை எண்ணுவதற்குக் கிளாடிஸைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். எரிந்த காயிலை ஒரு நாள் சாக்கில் சுற்றிக்கொண்டு என் வீட்டுக்கே வந்தார்.

"மச்சான், இதப் பாருங்க. ஒவ்வொரு தடவையும் மொதல் காயிலுதான் போகுது. உள்ள இருக்கறது எல்லாம் புதுசாட்டம் இருக்குது. இது ஏனுங்க?"

அவர் விரல் வைத்த இடம் சரியான இடம். கேபிளிலிருந்து வருகிற அடி முதலில் குத்துவது அங்கேதான். படிக்காத மனிதர் அதைக் கண்டுபிடித்தது எனக்குக் கொஞ்சம் ஆச்சரியம்தான். ஆனால் கண்ணால் பார்ப்பது வேறு, அறிவது வேறு. நான் காயிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"முதல் காயில் கட்டும்போது உங்களுக்குக் கை இன்னும் பழகியிருக்காதுங்க மாப்பிள்ளை. வயசாகுதுல்ல. கண்ணு எப்படி இருக்குது? ஒரு தடவை டாக்டரைப் பாத்துருங்களேன்" என்றேன்.

காந்திபுரம் போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். கண்ணாடி அவருக்குப் பொருந்தவே இல்லை, மூக்கில் நழுவிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நாளில் கை நடுங்குகிறது என்று தானே சொல்ல ஆரம்பித்தார். நிஜமாகவே நடுங்கியது. கவனமாகப் பார்த்தேன். கெட்டுப்போகாத கையைக் கெட்டுப்போய்விட்டது என்று ஒருவர் நம்பினால், அது அப்படியே நடந்துகொள்கிறது. டாக்டர்களுக்கு வேண்டுமானால் இது பயன்படலாம்.

மில்லுக்கு மில் பேச்சு ஓட இங்கே பஸ் வேண்டியதில்லை. ஞானாபரணத்துக்குக் கைராசி போய்விட்டது என்றார்கள். அதே வாய்கள்தான். ஒரு காலத்தில் ஏன் நன்றாக ஓடுகிறது என்று தெரியாமல் அவரைப் புகழ்ந்தவர்கள், இப்போது ஏன் எரிகிறது என்று தெரியாமல் விலகினார்கள். பட்டறைக்கு வேலை வருவது நின்றது. சர்ச்சில் அவர் பாடுவதை நிறுத்தினார். பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைப்பார்.

கிளாடிஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அவளுக்கு எப்போதும் நேராகப் பேசித்தான் பழக்கம்.

"அண்ணா, அவரு சாப்படறதே இல்லீங்க. கையப் பாத்துட்டே உக்காந்திருக்காரு. நீங்க மொதல்ல கேபிளப் பத்தி என்னமோ சொன்னீங்களாமா, நீளமாப் போனா எரியும்னு. அதா இருக்குமோ? முதலாளிகிட்ட நீங்க இன்னொருக்கா சொல்லிப் பாருங்களேன். நீங்க சொன்னது சரின்னுதான் எனக்குத் தோணுது."

இதைத்தான் நான் யாராவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அவள் சொல்லி முடித்தபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. புருஷன்மேல் இருக்கிற பாசத்தில் ஒரு பெண் சொல்வதாலா நான் சொன்னது உண்மையாக வேண்டும்? "அதுக்குத்தான் ஃபில்டர் மாட்டியிருக்கே கிளாடிஸ். இது கேபிள் இல்லை" என்றேன். அவள் சேலை முந்தியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சரிங்கண்ணா என்றாள். அண்ணன் சொன்னால் அதற்குமேல் அவள் பேச மாட்டாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

கடைசி மோட்டாரை மாப்பிள்ளை போன மாதம் ஒரு காலையில் கொண்டுவந்தார். முதலாளி முன்பே சொல்லிவிட்டார், இதுவும் எரிந்தால் இனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று. மரியாதையாகத்தான் சொன்னார். மோட்டாரை மாட்டி ஓடவிட்டார்கள். நான் காலை ரவுண்ட்ஸ் முடித்துத் திரும்பினேன். மாப்பிள்ளை என் அறைக்கு வந்து தண்ணீர் குடித்தார். கேனின் குழாயைத் திறக்கும்போது கை நடுங்கி, தண்ணீர் பெட்டியின்மேல் சிந்தியது. தோள் துண்டால் துடைத்தார்.

"இந்தப் பொட்டி என்னதுங்க மச்சான்? ரொம்ப நாளா இங்கியே கெடக்குது."

"பழைய சாமானுங்க மாப்பிள்ளை" என்றேன்.

இரண்டு பேரும் பிளான்ட் ரூமுக்கு நடந்தோம். அங்கே தரை எப்போதும் ஈரமாக இருக்கும். டிரைவின் அடிகளில் மோட்டாரின் உடம்புக்குக் கசிகிற கரண்டைத் தரைக்குக் கொண்டுபோகிற எர்த் பட்டை அந்த ஈரத்தில் துருப்பிடித்து அறுந்திருந்தது. அன்று காலை ரவுண்ட்ஸில் பார்த்திருந்தேன். மாற்றச் சொல்லி எழுத வேண்டும் என்று நினைத்தேன். மற்ற வேலைகள் இருந்தன. மாப்பிள்ளை பழக்கப்படி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். மோட்டாரின் முன்னால் நின்றார். ஆனால் கையை வைக்கவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எனக்கு நம்பிக்கை இல்லீங்க மச்சான். இந்தக் கைக்கு இப்ப ஒண்ணுந் தெரியறதில்ல. நீங்களே மீட்டர் வெச்சுப் பாத்துச் சொல்லிருங்க. நீங்க சொன்னாச் சரி."

எத்தனை வருஷம் கழித்து அதைச் சொன்னார். நான் சொன்னால் சரி. நான் அன்று காலையிலேயே வைத்துப் பார்த்திருந்தேன். மீட்டரை அல்ல, டெஸ்டரை. எர்த் பட்டை அறுந்திருந்த அந்த மோட்டாரின் முதுகில் டெஸ்டரை வைத்ததும் விளக்கு எரிந்தது. உடம்பு முழுக்கக் கரண்டு. நான் டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு ரவுண்ட்ஸைத் தொடர்ந்தேன். இது வரைக்கும் உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தது இது ஒன்றுதான்.

"மீட்டர் என்னங்க மாப்பிள்ளை" என்றேன். "கையை வச்சுப் பாருங்க. உங்க கைக்குத் தெரியாததா."

அவர் என்னைப் பார்த்தார். ரொம்ப நாளைக்கப்புறம் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். வலது கையை வேட்டியில் துடைத்துவிட்டு, வைத்தார்.

ஸ்டாப் பட்டன் அக்னி மூலையில் இருந்தது. நான் போகத்தான் செய்தேன், போகவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சுவரோரமாகச் சுற்றி, கேபிள் போகிற வழியே, நூறு மீட்டருக்கு மேல். ஓடினேனா என்று கேட்கிறீர்கள். மில்லுக்குள் ஓடக் கூடாது என்பது விதி. அந்தப் போர்டை மாட்டியதும் நான்தான்.

அடக்கம் முடிந்ததும் முதலாளி கிளாடிஸிடம், "அழுவாதீங்க அம்மணி, நாங்க இருக்கறமுங்க" என்றார். கிளாடிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு ஊட்டுல இருந்து கெளம்பும்போது, மச்சான் பக்கத்துல இருந்தா எனக்குப் பயமில்லேன்னு சொல்லிட்டுப் போனாருண்ணா" என்றாள். அவருடைய கண்ணாடி என் சட்டைப் பையில்தான் இருந்தது. கொடுக்க மறந்துவிட்டேன். இதோ, இதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வாரமே எர்த் பட்டையை மாற்றினேன். தண்ணீர்க் கேனை இறக்கி, பெட்டியைப் பிரித்து, ஃபில்டரையும் மாட்டினேன். மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் கடைசியாகக் கட்டிய அதே காயில்தான், உள்ளே கட்டைவிரல் சிலுவையோடு இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. நன்றாகத்தான் கட்டுவார். எப்போதுமே நன்றாகத்தான் கட்டினார். அதை நான் ஒரு நாளும் மறுத்ததில்லை.

நான் ஏன் வந்தேன் என்று இப்போதாவது கேளுங்கள். நேற்று முதலாளியின் அறைக்குப் போனேன். சீனிவாசலு உட்கார்ந்திருந்தார். மோட்டார் இப்போது நன்றாக ஓடுகிறதே என்று பேச்சு. "மூலை மாத்துனதுல ஒரு காவு கேட்டுதுங்க. வாங்கிட்டு அடங்கிப்போச்சு. இனி எரியவே எரியாது" என்றார் சீனிவாசலு. பூசணிக்காய் உடைத்தாயிற்றாம். முதலாளி கண்ணில் தண்ணீரோடு தலையாட்டினார். என்னைப் பார்த்து, "நீங்க கேபிளு, கேபிளுன்னீங்க வின்ஸ்டன். பாத்தீங்களா, கேபிளு அதே நீளந்தானுங்க இருக்குது" என்றார். டீ கொண்டுவந்த பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அதனால் வந்தேன். ஒரு மனிதர் செத்த பிறகும் இவர்களுக்குப் புரியவில்லை என்றால், யாராவது சரியாக எழுதி வைக்க வேண்டும். நீங்கள் என்னவோ கையை வைக்கச் சொன்னதையும், டெஸ்டரையும் மட்டும் இரண்டு தடவை கோடு போட்டு வைத்திருக்கிறீர்கள். அதெல்லாம் கடைசியில் நடந்த சின்ன விஷயங்கள். குட்டைக் கேபிளாக இருந்திருந்தால் மோட்டார் எரிந்திருக்காது, அவர் கை நடுங்கியிருக்காது, ஸ்டாப் பட்டனும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கும். நான் முதல் நாளே சொன்னேன். மாப்பிள்ளைக்கு என்மேல் எந்த வருத்தமும் இருந்ததில்லை, கிளாடிஸைக் கேளுங்கள்.

ஏட்டய்யா, சாவுக்குக் காரணம் என்று இருக்கிற இடத்தில் என் பெயரை அடித்துவிட்டு, கேபிளின் நீளம் என்று எழுதுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறேன், ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் ரவுண்ட்ஸ் போக மில்லில் வேறு ஆள் இல்லை.